அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கவேண்டும், கையில் காப்பீட்டு அட்டை இல்லை: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்குத் தகுதி உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊரில் இருப்பவர். அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து இதய ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் பைக்கில் டெலிவரி வேலை பார்க்கிறார், அண்ணன் கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். "எங்களிடம் காப்பீட்டு அட்டை இல்லை. அட்டை வாங்க என்ன தகுதி? எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?" என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ காகிதத்துக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே அவசர சிகிச்சையை நிறுத்திவைக்கமாட்டார்கள். அட்டை வேலையை வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

இனி தகுதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் உள்ள ஒரு குடும்பம் இந்தத் திட்டத்துக்குள் வர இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. முதலாவது, வருமானம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், அதற்கு வருவாய்த் துறையின் சான்று வேண்டும். இரண்டாவது, 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் உங்கள் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று பட்டியலில் ஏறியிருக்கவேண்டும். அப்படி ஏறியிருந்தால் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் வழியாக உள்ளே வந்துவிடுவீர்கள், அப்போது வருமானச் சான்றைப் பற்றிப் பேச்சே இல்லை. பலர் முதல் வழியிலேயே முட்டிமோதிக்கொண்டு இருப்பார்கள், பெயர் இரண்டாவது பட்டியலில் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டு வழி எப்படி வந்தது என்று தெரிந்தால் குழப்பம் குறையும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியபிறகு, 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் புதிதாக வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கியபோது தமிழ்நாடு அதைத் தன் திட்டத்தோடு சேர்த்துக்கொண்டது. அதனால் இங்கே இரண்டும் ஒரே கவுன்டர்தான். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இந்த 5 லட்சம் தலைக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பிரீமியத்தை அரசு கட்டுகிறது, நீங்கள் ஒரு பைசா கட்டவேண்டியதில்லை. பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர் யாராவது கிடைத்தால் அங்கேயே விலகிவிடுங்கள்.

வருமான வரம்பு பல வருடம் 72,000 ரூபாயாகவே இருந்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் நகரவில்லை. 2022 ஜனவரியில் திட்டத்தைப் புதுப்பித்தபோதுதான் 1,20,000 ஆனது. மாதத்துக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். ஸ்டென்ட் வைக்கத் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட முடியாத குடும்பம் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதித்தாலும் அது ஏழைக் குடும்பம்தான். இந்த வரம்பு இன்னும் உயரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் இன்றைக்கு இருக்கும் விதிக்குள்தான் வழி தேடவேண்டும்.

"குடும்ப வருமானம்" என்றால் யார் யாருடைய வருமானம்? இங்கேதான் உங்கள் வீட்டு விஷயம் தீர்மானமாகும். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது தகுதியுள்ள நபர், அவருடைய சட்டபூர்வமான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். இவர்களில் யாருடைய பெயர் குடும்ப அட்டையில், அதாவது ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருக்கிறதோ அவர் குடும்ப உறுப்பினர் என்று எடுத்துக்கொள்வார்கள், வேறு ஆதாரம் கேட்கமாட்டார்கள். ஆக முதலில் கார்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போய்விட்டாரா? போயும் பெயர் மட்டும் அப்பாவின் கார்டிலேயே இருக்கிறதா? அப்படி இருந்தால் அவர் கொத்தனார் வேலையில் சம்பாதிப்பதும் உங்கள் வீட்டுக் கணக்கில்தான் வரும். அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் நாளைக்கு ஒன்று என்றால் அவர்கள் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் திண்டாடுவார்கள். நிஜமாகவே தனியாக இருக்கிறார் என்றால் பெயரை நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிப்பது இரண்டு வீட்டுக்குமே நல்லது. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, அட்டைக்காக மட்டும் பிரிந்ததுபோலக் காட்டச் சொல்லவில்லை. அது விசாரணையில் தெரிந்துவிடும், பிறகு எல்லாமே நின்றுபோகும்.

கார்டில் அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா என்று பார்த்துவிட்டு "நமக்குக் கிடையாது" என்று திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டத்தின் தகுதி வரையறையில் அட்டையின் வகை இல்லை, வருமானம்தான் இருக்கிறது. சர்க்கரை அட்டை வைத்திருக்கும் குடும்பமும் வருமானம் வரம்புக்குள் இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருமானத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேட்பீர்கள். கொத்தனார் வேலை தினமும் இருக்காது. மழைக்காலத்தில் நிற்கும், மணல் வராவிட்டால் நிற்கும். ஒரு நாள் கூலியை 365-ஆல் பெருக்கிப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வருடத்தில் உண்மையாக எத்தனை நாள் வேலை கிடைத்தது, நிலம் உண்டா, வாடகை வருகிறதா, வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்பதையெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத்தான் ஒரு தொகையைப் போடுவார். அவரிடம் போகும்போது இதை விவரமாகச் சொல்லுங்கள். உங்கள் டெலிவரி வேலையில் பெட்ரோலுக்கும் வண்டிக்கும் போவது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் சொல்லுங்கள். கம்பெனி ஆப்பில் தெரியும் மொத்தத் தொகை வேறு, மாதக் கடைசியில் கையில் நிற்பது வேறு. பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதை முழுதாகச் சொன்னாலே பல குடும்பங்கள் வரம்புக்குள் வந்துவிடும், யாரும் கேட்டு எடுத்துச் சொல்லாததால்தான் தொகை கூடிவிடுகிறது.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், கட்டணம் 60 ரூபாய். ஆதார், குடும்ப அட்டை, போட்டோ கொண்டுபோங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு கையாக மாறும். இதில் நாள் போகும். காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி விண்ணப்பப் படிவம் உண்டு, அதிலேயே கிராம நிர்வாக அலுவலர் வருமானத்தைச் சான்றளித்துக் கையெழுத்துப் போடும் இடமும் இருக்கும். அவசரம் என்றால் அந்தப் படிவத்தோடு அவரை நேரில் போய்ப் பாருங்கள். மருத்துவமனையில் கொடுத்த ஆஞ்சியோ ரிப்போர்ட் நகலையும் கையோடு வைத்திருங்கள். ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலான அலுவலர்கள் இழுத்தடிக்கமாட்டார்கள்.

கையெழுத்தான படிவம் அல்லது வருமானச் சான்று, குடும்ப அட்டை, குடும்பத்தில் எல்லாருடைய ஆதார், இவற்றின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். போட்டோவும் கைரேகையும் அங்கே எடுப்பார்கள். அப்பா படுத்திருக்கிறார், வர முடியாது என்றால் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி நிலைமையைச் சொல்லுங்கள். அட்டை அச்சாகி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பதிவு எண் கிடைத்துவிட்டால் மருத்துவமனை வேலையை ஆரம்பித்துவிடலாம்.

கிளம்பும் முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். குடும்ப அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகுதி இருந்தும் ஆட்கள் திரும்பி வருவதற்கு வருமானத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. கார்டில் "கோவிந்தம்மாள்", ஆதாரில் "கோவிந்தம்மா", வயதில் ஒன்பது வருட வித்தியாசம், ஆதாரில் இனிஷியல் அப்பா பெயருக்கு, கார்டில் கணவர் பெயருக்கு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எங்களுக்குக் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் கணினியில் பதிவேற்றும் இடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதே. ஆதாரைத் திருத்தி வருவதற்குள் அறுவை சிகிச்சைத் தேதி தள்ளிப்போய்விட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், பிறந்த குழந்தை, ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கிவிட்ட பாட்டி இவர்கள் பெயரெல்லாம் கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, அந்த 2011 பட்டியல். கிராமம் என்றால் கூரை வேய்ந்த, மண்சுவர் வைத்த ஒற்றை அறை வீடு, 16 வயதிலிருந்து 59 வயதுக்குள் சம்பாதிக்கும் ஆள் இல்லாத வீடு, அந்த வயதில் ஆண் இல்லாமல் பெண் தலைமையில் நடக்கும் குடும்பம், மாற்றுத்திறனாளி இருந்து உடல்வலுவுள்ள பெரியவர் இல்லாத குடும்பம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள், நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் என்று பார்த்து எடுத்தார்கள். நகரத்தில் தொழிலை வைத்துப் பார்த்தார்கள். வீட்டு வேலை செய்பவர், தெருவோர வியாபாரி, கட்டடத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், தையல் வேலை செய்பவர், ஓட்டுநர், கடைப் பணியாளர், எலெக்ட்ரீசியன் இப்படிப் பதினொரு வகை. கவனிக்கவேண்டியது என்னவென்றால், இன்றைக்கு நீங்கள் அந்தத் தொழில் செய்வதால் மட்டும் தகுதி வந்துவிடாது. அப்போது எடுத்த கணக்கில் உங்கள் வீடு பதிவாகியிருக்கவேண்டும். பெயர் இருக்கிறதா என்று 14555 என்ற எண்ணில் கேட்கலாம், ஆட்சியர் அலுவலக மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். 2011-இல் நீங்கள் வேறு ஊரில் இருந்திருந்தால் அந்த ஊர் விவரத்தையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு பிரிந்த, புதிதாக உருவான குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் உதவாது, அவர்களுக்கு வருமானச் சான்றுதான்.

இவை தவிர முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும், ஆதரவற்றோர் இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கும் திட்டத்தில் இடம் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் தொழிலாளர்களும் உரிய அதிகாரியின் சான்றோடு சேரலாம். அண்ணன் வேலை செய்யும் இடத்தில் வடமாநிலத்து ஆட்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள், அவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பங்களுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது, இது அவர்களுக்கானது அல்ல. அப்புறம் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் வேலையில் சேர்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்ற நிபந்தனை வரும், அதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் இப்படி ஒரு பிடித்தம் இருப்பதைப் பார்க்காமலேயே அப்பாவுக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்த்த பிள்ளைகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன்.

சரி, பதிவு எண் வந்துவிட்டது. அடுத்து மருத்துவமனை. எல்லாத் தனியார் மருத்துவமனையிலும் இந்த அட்டை செல்லாது, திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையாக இருக்கவேண்டும். அதிலும் இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஒரு மருத்துவமனைக்கு எலும்பு சிகிச்சைக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் உங்கள் மாவட்டத்துப் பட்டியலைச் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதே அட்டையில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். "அரசு ஆஸ்பத்திரிதானே, அட்டை எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே அட்டை மூலம் நடக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போகிறது, கருவி வாங்கவும் பொருள் வாங்கவும் அது உதவுகிறது.

மருத்துவமனையில் சேர்ந்ததும் அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய்ப் பதிவெண்ணையும் ஆதாரையும் கொடுக்கவேண்டும். ரிப்போர்ட்டுகளை அவர்கள் பதிவேற்றி முன் அனுமதி கேட்பார்கள். அனுமதி வந்தபிறகுதான் சிகிச்சை. இந்த வரிசை முக்கியம். முதலில் பணம் கட்டிச் செய்துகொண்டு, அட்டையைப் பிறகு காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இது ரொக்கமில்லா சிகிச்சைத் திட்டம், ரசீதைக் காட்டிப் பணம் வாங்கும் திட்டம் அல்ல.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று ஒரு தொகுப்புக் கட்டணம் உண்டு. ஸ்டென்ட், மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். "அட்டையில் இவ்வளவுதான் வரும், மீதி நீங்கள் கட்டுங்கள்", "இதைவிட நல்ல ஸ்டென்ட் வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அதே கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்பு மற்றும் குறைதீர்க்கும் குழு இருக்கிறது, அங்கே எழுத்தில் கொடுக்கலாம். முன் அனுமதி மறுக்கப்பட்டால் என்ன காரணம் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். பல சமயம் ஒரு ஸ்கேன் படம் தெளிவாக இல்லை, டாக்டர் குறிப்பு சேர்க்கவில்லை என்பதுபோலத்தான் இருக்கும், சரிசெய்து மறுபடி அனுப்பினால் வந்துவிடும்.

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. திட்டத்தின் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், மூளை, எலும்பு என்று பெரிய செலவு வைக்கும் சிகிச்சைகள் அவை, டயாலிசிஸ் உட்பட. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் வராது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் தனி. அதில் அட்டையும் வேண்டாம், வருமானமும் கேட்கமாட்டார்கள், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இவ்வளவு பார்த்தும் வருமானம் வரம்பைத் தாண்டுகிறது, 2011 பட்டியலிலும் பெயர் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை என்று வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள். இதய நோய்ப் பிரிவில் நிலைமையைச் சொல்லி, அட்டை இல்லாமல் செய்தால் எதற்காவது வெளியில் பணம் கட்டவேண்டியிருக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் இதய அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்கலாம். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டோடு சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் இதற்கு உதவுவார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அண்ணன் தனிக் குடும்பமாக இருந்து, உங்கள் வருமானத்தில் பெட்ரோல் செலவு போக நிற்பது குறைவாக இருந்தால் வருமான வழியிலேயே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. நாளைக்குக் காலையில் 14555-இல் பேசிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும் வேலையே மிச்சம். இல்லாவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள், ஆட்சியர் அலுவலகம் அதற்கு அடுத்தது.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, டாக்டர் சொன்ன காலம் வரை ஒரு நாள்கூட விடக்கூடாது. அது தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சிகிச்சை செய்த மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ கேட்டு வாங்கிவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள், அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியரிடம் சொன்னால் பதிந்துகொள்வார்கள்.